மகன் எழுதியதை அப்பா படித்தபோது: பிலிப் ராத்தின் ஸக்கர்மன் நாவல்கள்

மழைக்காலவாசகன் | ஞாயிறு, இரவு 9.40

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க யூத நாவலாசிரியர் பிலிப் ராத்தின் 'தி கோஸ்ட் ரைட்டர்', 'எக்ஸிட் கோஸ்ட்' இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தேன். முதலாவது 1979இல் வந்தது, மற்றது 2007இல். எழுதியவருக்கு 28 வருடம் பிடித்த தூரத்தை நான் ஒன்பது நாளில் கடந்துவிட்டேன். அதனாலோ என்னவோ, ஒரு விஷயம் தொண்டையிலேயே நிற்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. இரண்டிலும் கதைசொல்லி நேதன் ஸக்கர்மன் என்ற யூத எழுத்தாளன். முதல் நாவலில் அவனுக்கு வயது 23, காலம் 1956 டிசம்பர். மாசசூசெட்ஸின் பெர்க்ஷைர் மலைப்பக்கம் ஒரு பண்ணை வீட்டில் ஒதுங்கி வாழும் லோனாஃப் என்ற மூத்த எழுத்தாளரைப் பார்க்கப் போகிறான். பனி கொட்டுகிறது, ராத்திரி அங்கேயே தங்கும்படி ஆகிறது. லோனாஃபுக்கு வாக்கியங்களைத் திருப்பிப் போடுவதுதான் வாழ்க்கை. ஒன்றை எழுதுவார், திருப்பிப் போடுவார், பார்ப்பார், மறுபடி திருப்புவார், மதியம் சாப்பிடுவார், திரும்பி வந்து இன்னொன்று எழுதுவார். நேதனுக்கு அவர் தெய்வம் மாதிரி.

ஆனால் அவன் அங்கே போனதற்குக் காரணமே வீட்டில் நடந்த சண்டை. குடும்பத்தில் படிப்புக்கென்று பாட்டி முறையான ஒருத்தி விட்டுப்போன பணத்துக்காகச் சொந்தக்காரர்கள் கோர்ட் வரைக்கும் போன கதையை அவன் சிறுகதையாக எழுதிவிட்டான். கையெழுத்துப் பிரதியை அப்பாவுக்குக் காட்டுகிறான். அப்பா நெவார்க்கில் பாத மருத்துவர். கடுமையான ஆளே இல்லை, மகன்மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர் சொல்வது இவ்வளவுதான்: இதைப் படிக்கிற வெளியாட்கள் யூதனுக்குப் பணத்தாசை என்றுதான் நினைப்பார்கள், இதை அச்சிடாதே. மகன் கேட்கவில்லை. பஸ் வந்துவிடுகிறது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்க்கிறான். இருட்டிக்கொண்டு வரும் தெருமுனையில், ஒரு காலத்தில் அவர்களுக்குச் சொர்க்கமாக இருந்த பூங்காவின் பக்கத்தில், அப்பா தனியாக நிற்கிறார்.

அந்த பஸ் ஸ்டாப்பைத் தாண்டி எனக்கு ஒரு பக்கம்கூட ஓடவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்தது 'எக்ஸிட் கோஸ்ட்'. அதே நேதனுக்கு இப்போது 71. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாது, ஞாபகம் தப்புகிறது, செய்ய வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறான். லோனாஃபைப் போலவே மலையில் தனியாக 11 வருடம் வாழ்ந்தவன், வைத்தியத்துக்காக நியூயார்க் வருகிறான். அங்கே க்ளிமன் என்ற 28 வயதுப் பையன், செத்துப்போன லோனாஃபின் வாழ்க்கை வரலாற்றை எழுதப்போவதாகச் சொல்கிறான். லோனாஃப் மறைத்த ஒரு குடும்ப ரகசியம் தன் கையில் இருக்கிறது என்கிறான். நேதன் கொதிக்கிறான். அவனை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று நிற்கிறான்.

என் கேள்வி இதுதான். 23 வயதில் அப்பாவிடம் "இது இலக்கியம்" என்று சொல்லி பஸ் ஏறியவன், 71இல் ஏன் "இதை எழுதாதே" என்கிற பக்கம் போய் நிற்கிறான்? வயதான எழுத்தாளனின் உடம்பைப் பற்றிய நாவல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது அந்த பஸ் ஸ்டாப்புக்கே திரும்பி வந்த கதையாகத் தெரிகிறது. மற்றவர்களுக்கும் அப்படித் தோன்றியதா?


கரிசல்மண் | ஞாயிறு, இரவு 10.25

நல்ல கேள்வி நண்பரே. ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நேதன் எழுதியது புனைகதை. பெயரை மாற்றி, ஆளை மாற்றி, தானும் அந்தக் குடும்பத்துக்குள் நின்றுகொண்டு எழுதியது. க்ளிமனுக்கு வேண்டியது செய்தி. லோனாஃபின் எழுத்தை ஒரு வரியில் விளக்கிவிடக்கூடிய ஒரு சாவி. வாழ்நாள் முழுக்க வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டவனை அப்படிச் சுருக்கிவிடுவார்களே என்றுதான் ஸக்கர்மனுக்குக் கோபம். அந்தக் கோபத்தில் எனக்குத் தவறு தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 'தி கோஸ்ட் ரைட்டர்' அப்பாவை அவமானப்படுத்துகிற புத்தகம் இல்லை. அந்த பஸ் ஸ்டாப்பை எழுதியதே மகன்தானே. அப்பா தனியாக நின்றதைப் பார்த்ததும் அவன், மறக்காமல் வைத்திருந்ததும் அவன்.


மழைக்காலவாசகன் | ஞாயிறு, இரவு 10.41

புனைகதை என்ற வித்தியாசம் நமக்குத் தெரிகிறது. பஸ் ஸ்டாப்பில் நின்ற அப்பாவுக்கு அது தெரியவில்லையே? அவருக்கு அது வீட்டுக் கதை, அவ்வளவுதான். அவர் என்ன செய்கிறார் பாருங்கள். ஊர்ப் பெரியவரான ஒரு நீதிபதியிடம் போய் மகனுக்குப் புத்தி சொல்லச் சொல்கிறார். நீதிபதி பத்துக் கேள்வி எழுதி அனுப்புகிறார். 'நாஜி ஜெர்மனியில் வாழ்ந்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருப்பாயா' என்கிற அளவுக்கு. அம்மா போனில் கெஞ்சுகிறாள். மகன் பதில் எழுத மறுத்துவிடுகிறான்.

அந்த ராத்திரி லோனாஃப் வீட்டில் அவன் என்ன கனவு காண்கிறான் தெரியுமா? அங்கே தங்கியிருக்கும் ஏமி பெல்லட் என்ற இளம்பெண் உண்மையில் உயிர்தப்பிய ஆன் ஃப்ராங்க்தான் (நாஜி முகாமில் இறந்துபோன, டைரி எழுதிய யூதச் சிறுமி) என்று ஒரு கதையையே மனதுக்குள் கட்டிவிடுகிறான். அவளைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனால் யூத விரோதி என்று யார் தன்னைச் சொல்லமுடியும்! ஆன் ஃப்ராங்கை இப்படி ஒரு பையனின் கல்யாணக் கனவுக்குள் இழுத்து வரலாமா என்று முதலில் எனக்கு நெருடியது. அப்புறம்தான் உறைத்தது, அவன் தவிப்பெல்லாம் அப்பா தன்னை மறுபடி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான்.


தேநீர்க்கடை_பெஞ்ச் | ஞாயிறு, இரவு 11.05

நான் ராத்தில் ஒன்றும் படித்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்? நிறைய எழுதியிருக்கிறார் போலிருக்கிறதே.


கரிசல்மண் | ஞாயிறு, இரவு 11.20

'தி கோஸ்ட் ரைட்டர்'தான். சின்னப் புத்தகம், ஒரு விடுமுறை நாள் போதும். பிடித்திருந்தால் 'ஸக்கர்மன் அன்பவுண்ட்' (1981), 'தி அனாடமி லெசன்' (1983) என்று வரிசையாகப் போங்கள். 1969இல் வந்து ராத்தை ஊரறிய வைத்த 'போர்ட்னாய்ஸ் கம்ப்ளெய்ன்ட்'டில் தொடங்காதீர்கள். அது வேறு குரல், அதைப் பார்த்துப் பலர் ஓடிவிடுகிறார்கள். 1998இல் புலிட்சர் பரிசு வாங்கிய 'அமெரிக்கன் பாஸ்டரல்' பெரிய நாவல், அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.


அகல்விளக்கு | திங்கள், காலை 7.15

ராத்திரியே படித்தேன், தூக்கம் போய்விட்டது. இதை எழுதாமல் வேலைக்குக் கிளம்ப முடியாது.

எனக்கு 24 வயதில் ஒரு சிறுகதை அச்சில் வந்தது. என் சித்தி, புருஷனுக்குத் தெரியாமல் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு ஆறு மாதம் புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டே நடந்ததைத்தான் எழுதியிருந்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். தலைப்பை இழுத்து மூடுகிற அந்தக் கையை மட்டும் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் கதையே இல்லை.

இதழ் வந்த அன்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை இதழை எடுத்தபோது என் கதை இருந்த நாலு பக்கமும் இல்லை. சவரம் செய்கிற பிளேடால் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வெட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிற யாரும் புரட்டிப் பார்த்துவிடக் கூடாதாம். வெட்டிய பக்கங்கள் என்ன ஆயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

அதனால் மழைக்காலவாசகன் சொன்ன பஸ் ஸ்டாப் எனக்கு வேறு மாதிரி வலிக்கிறது. என் வீட்டில் பஸ் ஸ்டாப் எல்லாம் இல்லை, ஒரே வீட்டுக்குள் மூன்று மாதம் "சாப்பிட்டாச்சா" என்பதைத் தவிரப் பேச்சில்லை.

கதைக்கு வருகிறேன். இந்த நாவலில் எல்லோரும் அப்பா, மகன் என்றே பேசுகிறோம். லோனாஃபின் மனைவி ஹோப்பை யாரும் பேசவில்லை. 35 வருடம் அந்த வீட்டில் அவர் வாக்கியம் எழுதுவதற்காகச் சத்தம் போடாமல் வாழ்ந்தவள். என்னை அனுப்பிவிடு, அந்தப் பெண்ணோடு இரு என்று அவளே கெஞ்சுகிறாள். கடைசியில் ஒரு சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு பனியில் இறங்கி நடந்துவிடுகிறாள். லோனாஃப் பின்னால் ஓடவேண்டி வருகிறது. எழுத்தாளனுக்கு வயதாவதைப் பற்றி எத்தனையோ எழுதியாகிவிட்டது. அவன் பக்கத்திலேயே இருந்து வயதானவளுக்கு அந்த ஒரு நடைதான் கிடைத்தது.


கரிசல்மண் | திங்கள், காலை 8.02

அகல்விளக்கு மேடம், நன்றி. தலைப்பை இழுத்து மூடுகிற கை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் உங்கள் கதையையே படித்த மாதிரி இருக்கிறது.

ஹோப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் கடைசிக் காட்சியில் இன்னொன்றும் நடக்கிறது. லோனாஃப் மனைவியின் பின்னால் போக பூட்ஸ் மாட்டிக்கொண்டே, நேதன் இதையெல்லாம் குறித்துக்கொள்ளத் தவிப்பதைப் பார்க்கிறார். நாங்கள் எல்லோரும் ஒரு நாள் உன் எழுத்தில் எப்படி வருகிறோம் என்று பார்க்க எனக்கும் ஆவல்தான் என்கிற மாதிரி சொல்கிறார். தன் வீட்டுச் சண்டையும் கதையாகப் போகிறது என்று அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை. நேதனின் அப்பாவால் முடியாததை இவர் செய்கிறார். எழுத்தாளன் இன்னொரு எழுத்தாளனுக்குக் கொடுத்த அனுமதி அது.


மழைக்காலவாசகன் | திங்கள், மதியம் 1.30

அகல்விளக்கு, அந்த பிளேடு இனி என்னைவிட்டுப் போகாது.

கரிசல் சார், நீங்கள் சொன்ன அந்த அனுமதியைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன் போல. லோனாஃப் அனுமதி தந்தார், நேதன் எழுதினான். ஆனால் 71 வயதில், அதே லோனாஃபைப் பற்றி இன்னொருவன் எழுதவந்தால் நேதன் கதவைச் சாத்துகிறான். 'எக்ஸிட் கோஸ்ட்'டில் ஏமி பெல்லட் திரும்ப வருகிறாளே, அந்தப் பகுதியைப் பாருங்கள். லோனாஃபின் கடைசி நாட்களில் கூட இருந்தவள். இப்போது 75 வயது, மூளையில் கட்டி, பாதித் தலை மழித்து அறுவைத் தழும்பு தெரிகிறது. ஒரு சாப்பாட்டுக் கடையில் வைத்து நேதன் அவளைத் தற்செயலாகப் பார்க்கிறான். ஒரு காலத்தில் ஆன் ஃப்ராங்காகவே கற்பனை செய்து, மனதுக்குள் கல்யாணம்வரை போனவன்! அவள் தெளிவில்லாமல் இருந்த நேரத்தில் லோனாஃபின் கையெழுத்துப் பிரதியில் பாதியை க்ளிமனிடம் கொடுத்துவிட்டாள்.

அங்கேதான் எனக்கு நேதனின் அப்பா தெரிந்தார். வயதாகிப்போய், உடம்பு சொன்னபடி கேட்காமல், அன்புக்குரியவர்களின் மானத்தைக் காப்பாற்ற வழி தெரியாமல் நிற்கிற ஆள். அன்று பாத மருத்துவர், இன்று பெரிய நாவலாசிரியர்.


வரப்புவழி | செவ்வாய், இரவு 12.50

நான் இந்தக் குழுவில் எழுதுவது அபூர்வம். 'பேட்ரிமனி' பற்றி யாராவது பேசுவீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது நாவல் இல்லை, 1991இல் வந்தது. ராத் தன் சொந்த அப்பா ஹெர்மனின் கடைசிக் காலத்தை எழுதியது. தலைப்பை நம் பத்திரத்தில் எழுதுகிற மாதிரி சொன்னால் பிதுரார்ஜிதம். ஹெர்மன் ராத் மெட்ரோபாலிடன் லைஃப் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஏஜென்டாக இருந்து, நெவார்க்கில் வீடு வீடாக ஏறி இறங்கி பிரீமியம் வசூலித்து மேலே வந்தவர். 86 வயதில் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது. பிறகு மூளையில் கட்டி என்று தெரிகிறது. அதைச் சொல்லப் போகிற வழியில் மகன் ரோட்டைத் தவறவிட்டு, அம்மாவைப் புதைத்த கல்லறைத் தோட்டத்தின் வாசலில் போய் நிற்கிறான். இப்படி ஒன்றை எழுத்தாளன் கற்பனை செய்து எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

எல்லோரும் சொல்லும் இடம் ஒன்று உண்டு. பரிசோதனைக்குப் பிறகு அப்பாவைக் கனெக்டிகட்டில் தன் வீட்டுக்கு அழைத்து வருகிறார். சாப்பாட்டு நேரத்தில் அவரைக் காணோம் என்று மாடிக்குப் போனால், குளியலறை முழுக்க மலம். கிழவர் அம்மணமாக, அழுகிற நிலையில். மகன் அவரைக் குளிப்பாட்டித் துடைத்துப் படுக்க வைக்கிறார். பிறகு திரும்பி வந்து தரையைச் சுத்தம் செய்கிறார். பலகை இடுக்குகளில் போனதை பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டி எடுக்கிறார்.

அந்த பிரஷ் நிஜம் என்று எனக்குத் தெரியும். என் அப்பாவின் கடைசி எட்டு மாதம் நான்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் மொசைக் தரை, ஆனால் கதவு நிலைக்குக் கீழே ஒரு மரச்சட்டம். வாளித் தண்ணீர், பினாயில், துடைப்பம் எல்லாம் முடிந்த பிறகும் அந்தச் சட்டத்தின் இடுக்கு மட்டும் வராது. நான் பயன்படுத்தியது என் மகளின் பழைய பிரஷ், முயல் படம் போட்டது.

ஹெர்மன் மகனிடம் கேட்டுக்கொள்கிறார்: பிள்ளைகளிடம் சொல்லாதே, க்ளேரிடம் (ராத்தோடு அப்போது வாழ்ந்த நடிகை க்ளேர் ப்ளூம்) சொல்லாதே. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறார் மகன். அதைப் புத்தகத்தில் படிக்கிறோம். அதாவது சொல்லிவிட்டார். உலகத்துக்கே.

என் அப்பாவும் அதையேதான் கேட்டார். "மருமககிட்ட சொல்லாதடா." நான் சொல்லவில்லை. என் மனைவிக்கு இன்றும் தெரியாது. இங்கேதான் முதல்முறை எழுதுகிறேன், பெயரில்லாத இடம் என்பதால்.


அகல்விளக்கு | செவ்வாய், காலை 6.55

வரப்புவழி அண்ணா, படித்தேன். உங்கள் அப்பா கொடுத்துவைத்தவர்.


தேநீர்க்கடை_பெஞ்ச் | செவ்வாய், காலை 9.10

கேட்கவே தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டு எழுதியது சரியா?


கரிசல்மண் | செவ்வாய், காலை 10.48

சரி என்று நான் சொல்ல மாட்டேன். ராத்தும் சொல்லவில்லை. புத்தகத்தின் கடைசியில் ஒரு கனவு வருகிறது. யூத முறைப்படி வெள்ளைத் துணி சுற்றித்தான் அப்பாவை அடக்கம் செய்தார்கள். கனவில் அப்பா அதே வெள்ளைத் துணியில் வந்து, எனக்கு சூட் போட்டிருக்க வேண்டும், நீ தப்பு செய்துவிட்டாய் என்கிறார். விழித்ததும் மகனுக்குப் புரிகிறது: அவர் கேட்டது உடுப்பைப் பற்றி மட்டும் இல்லை, இந்தப் புத்தகத்தைப் பற்றி. அவர் படுத்த படுக்கையாக இருக்கும்போதே தான் எழுதிக்கொண்டிருந்ததைப் பற்றி. தன் தொழிலின் அநாகரிகம் என்று அதை ஒப்புக்கொள்கிறார். அந்தக் குற்றத்தை மறைக்காமல் கடைசிப் பக்கத்தில் வைத்ததால்தான் அந்தப் புத்தகத்தை மதிக்கிறேன்.

அந்த வருடம், 1989இல், ராத்துக்கே இதய பைபாஸ் அறுவை நடந்தது. அதைச் சாகக் கிடந்த அப்பாவிடமிருந்து மறைத்தார். அப்பாவின் உடம்பு சொல்லக் கூடாதது என்று அப்பா நினைத்தார், மகனின் உடம்பு சொல்லக் கூடாதது என்று மகன் நினைத்தார். அக்டோபரில் அப்பா போய்விட்டார்.


அகல்விளக்கு | செவ்வாய், இரவு 8.30

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எழுதிய இந்தக் கரிசனம் மனைவிகளுக்குக் கிடைத்ததா? நடிகை க்ளேர் ப்ளூம் ராத்தின் இரண்டாவது மனைவி. 1990இல் கல்யாணம், 1995இல் விவாகரத்து. 1996இல் அவர் தன் நினைவுக் குறிப்பை வெளியிட்டார். ப்ளூமின் மகளை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னார் ராத் என்று அதில் எழுதினார். ராத்துக்கு அது ஆறாத காயம். 1998இல் 'ஐ மேரீட் எ கம்யூனிஸ்ட்' வருகிறது. அதில் ஒரு நடிகை, ஒரு மகள், புருஷனைக் கவிழ்க்கும் ஒரு புத்தகம். பதிலடி என்று படித்தவர்கள் நிறைய.

குடும்பத்தை எழுத எழுத்தாளனுக்கு உரிமை இருக்கிறது என்று நேதன் 23இல் வாதாடினான் அல்லவா? அதே உரிமையை அவர் மனைவி எடுத்துக்கொண்டபோது ராத் நேதனாக இல்லை, நேதனின் அப்பாவாகத்தான் ஆனார். ப்ளூமின் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு நீண்ட மறுப்பை எழுதி, கடைசியில் அச்சிடாமல் வைத்தார். 2011இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசு ராத்துக்குக் கிடைத்தபோது நடுவர்களில் ஒருவரான பெண்ணியப் பதிப்பாளர் கார்மென் காலில் அந்தத் தேர்வை எதிர்த்து விலகியதும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கோபத்தை நான் முழுக்கப் பகிர்ந்துகொள்ளவில்லை, ஏனென்றால் எனக்கு ராத் வேண்டும். ஆனால் அவர் புத்தகங்களில் அப்பாக்களுக்கு முகம் இருக்கிற அளவுக்கு மனைவிகளுக்கு இல்லை. எனக்கு அது பெரிய குறை.


மழைக்காலவாசகன் | செவ்வாய், இரவு 9.15

மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் நான் தேடியதை நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டீர்கள். நான் நாவலில் பார்த்தது அவர் வாழ்க்கையிலும் நடந்திருக்கிறது. எழுதுகிற கையில் பேனா இருக்கும்வரை எல்லாம் இலக்கியம், பேனா அடுத்தவர் கைக்குப் போனால் மானப் பிரச்சினை.

அம்மாக்களுக்கு முகம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். 'தி அனாடமி லெசன்' ஞாபகம் இருக்கிறதா? நேதனின் அம்மாவுக்கும் மூளையில் கட்டி. மருத்துவர் உங்கள் பெயரை எழுதுங்கள் என்று தாளைக் கொடுக்கிறார். அவள் தன் பெயரை எழுதவில்லை. 'ஹோலோகாஸ்ட்' (நாஜிகள் நடத்திய யூதப் படுகொலை) என்று எழுதுகிறாள், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து, சமையலும் பிள்ளைகளுமாக வாழ்ந்தவள், அந்தச் சொல்லை வாய் திறந்து சொல்லிக்கூட மகன் கேட்டதில்லை. நேதனால் அந்தத் தாளைத் தூக்கிப் போட முடிவதில்லை.


வரப்புவழி | புதன், காலை 6.20

நேதனின் தம்பிக்காரன் ஹென்றியை விட்டுவிட்டீர்களே. பல் மருத்துவர். 'ஸக்கர்மன் அன்பவுண்ட்'டில் அப்பா சாகும்போது நேதனைப் பார்த்துச் சொல்கிற கடைசி வார்த்தை ஒரு வசவு. சரியாகக் காதில் விழுந்ததா என்று நேதனுக்கே சந்தேகம். சந்தேகத்தைத் தீர்த்துவைப்பது ஹென்றி. உன் புத்தகம்தான் அப்பாவைக் கொன்றது என்று நேருக்கு நேர் சொல்லிவிடுகிறான். அண்ணன் தம்பிக்குள் அதோடு முறிந்துவிடுகிறது.

1986இல் வந்த 'தி கவுன்டர்லைஃப்'பில் ஒரு அத்தியாயத்தில் நேதன் இறந்துவிடுகிறான். ஹென்றி அவன் வீட்டுக்குப் போய், மேசையில் இருக்கும் கையெழுத்துப் பிரதியைப் படித்து, தன்னைப் பற்றி எழுதியிருக்கும் பக்கங்களை உருவி எடுத்துப்போய் நெடுஞ்சாலையோரக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். அகல்விளக்கு எழுதிய பிளேடு விஷயத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் ஓடிவந்தது. வெட்டினவர் அப்பா, உருவினவன் தம்பி.


அகல்விளக்கு | புதன், காலை 7.05

அந்த அத்தியாயத்தை நான் படித்ததில்லை. இன்றே எடுக்கிறேன்.


கரிசல்மண் | புதன், இரவு 9.50

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பதிவிலேயே அது வந்தாலும் பேச்சு குடும்பத்திலேயே சுற்றுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் 2006இல் வந்த 'எவ்ரிமேன்' பற்றி யாரும் சொல்லவில்லை. நாயகன் எழுத்தாளன் இல்லை, விளம்பரத் துறை ஓவியர். அவருடைய அடக்கத்தோடுதான் கதையே தொடங்குகிறது. மகன்கள் இருவரும் கல்லறை ஓரத்தில் நின்றும் மனம் இறங்காதவர்கள். முதுமை என்பது போராட்டம் இல்லை, படுகொலை என்று ஒரு வரி அதில் உண்டு. என் எழுபதாவது வயதில் படித்தேன், மிகையாகத் தோன்றவில்லை. இருந்தாலும் எனக்கு நெருக்கமானது அந்த வரி இல்லை. சாவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் பெற்றோரின் கல்லறைக்குப் போய், அங்கே குழி வெட்டுகிறவரிடம் எப்படி வெட்டுவீர்கள், எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்துக்கொண்டு நிற்கிறார். தொழில் தெரிந்தவனிடம் தொழிலைப் பற்றிக் கேட்கிற மரியாதை அதில் இருக்கிறது. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் படிப்பேன்.

ராத் 2010இல் 'நெமிசிஸ்' எழுதினார். 2012இல் இனி எழுதுவதில்லை என்று அறிவித்தார். எழுத்தோடு நடந்த போராட்டம் முடிந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கம்ப்யூட்டரில் ஒட்டிவைத்திருந்தார், காலையில் எழுந்ததும் கண்ணில் படுவதற்காக. 2018 மே 22இல் இறந்தார், 85 வயது. எழுதாமல் இருக்கத் தெரிந்த எழுத்தாளர் என்பதில் எனக்குத் தனி மதிப்பு. லோனாஃபுக்கு அது கைவரவில்லை, நேதனுக்கும் இல்லை.


மழைக்காலவாசகன் | புதன், இரவு 10.30

சார், அந்தத் துண்டுச் சீட்டுக்கு அப்புறமும் அவர் ஒரு வேலையை விடவில்லை. தன் வாழ்க்கை வரலாற்றை எழுத ஆளைத் தேர்ந்தெடுத்து, காகிதங்களைக் கொடுத்து, உட்கார்ந்து பேசினார். க்ளிமனைத் துரத்திய நாவலை எழுதியவர்! அந்தப் புத்தகம் 2021இல் வந்தது. எழுதியவர் மீது பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்து, அவர் அவற்றை மறுத்தாலும், பதிப்பகம் சில வாரங்களிலேயே நூலைக் கைவிட்டது. தன் கதை யார் கையில் போகும் என்று அத்தனை கவலைப்பட்டவருக்கு நேர்ந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.


தேநீர்க்கடை_பெஞ்ச் | வியாழன், மாலை 6.15

'தி கோஸ்ட் ரைட்டர்' நேற்று முடித்தேன். பஸ் ஸ்டாப்பில் நானும் நின்றுவிட்டேன். இப்போது ஒரே ஒரு சந்தேகம். நிஜ அப்பா ஹெர்மனும் அப்படித்தானா? மகன் எழுதியதற்காக மனம் உடைந்தவரா?


வரப்புவழி | வியாழன், இரவு 11.10

இல்லை தம்பி. அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம்.

'போர்ட்னாய்ஸ் கம்ப்ளெய்ன்ட்' வெளியாகப்போகும்போது, பத்திரிகைக்காரர்கள் வீட்டுக்கு வந்து தொல்லை கொடுப்பார்கள் என்று பயந்து ராத் பெற்றோரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து எச்சரித்தாராம். திரும்பிப் போகிற டாக்ஸியில் அம்மா அழுதாளாம். பையன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறானே, இந்த நினைப்பு நொறுங்கும்போது என்ன பாடுபடப்போகிறானோ என்று. ராத் பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னது.

ஊரெல்லாம் திட்டிய புத்தகம் அது, யூதக் குடும்பத்தை நாறடித்துவிட்டான் என்று. ஹெர்மன் என்ன செய்தார் தெரியுமா? கப்பலில் உல்லாசப் பயணம் போனபோது அந்தப் புத்தகத்தின் பிரதிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய், கூட வந்த பயணிகளுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "பிலிப் ராத்தின் அப்பா ஹெர்மன் ராத்திடமிருந்து" என்று.


மழைக்காலவாசகன் | வியாழன், இரவு 11.32

அப்படியென்றால் அந்த பஸ் ஸ்டாப்பில் நின்றவர் யார்?


வரப்புவழி | வியாழன், இரவு 11.47

மகன் பயந்த அப்பா.


அகல்விளக்கு | வெள்ளி, காலை 6.40

காலையில் இதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கும் சித்திக்கு போன் போட்டேன். 78 வயது. கதை எழுதியதைப் பற்றி அவளிடம் நான் ஒருநாளும் பேசியதில்லை. அப்பா அந்தப் பக்கங்களை வெட்டியது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. "அதுல நான் நல்லா வந்திருந்தேனா?" என்று கேட்டாள். ஞாபகத்திலிருந்து முதல் பத்தியைச் சொன்னேன். மீதியைத் திரும்ப எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாள், எழுத்து பெரிதாக இருக்க வேண்டுமாம், கண் தெரிவதில்லை.